பழைய ஓவிய நோட்டைப் போகியில் போடலாமா?

இரண்டு மலை. நடுவில் பாதிச் சூரியன். மலையடிவாரத்தில் இருந்து வளைந்து வளைந்து வரும் ஒரு ஆறு. கரையில் ஒரு குடிசை, பக்கத்தில் ஒரு தென்னைமரம். வானத்தில் நாலைந்து பறவைகள், அவையும் வெறும் வளைகோடுகள்தான்.

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாரைக் கேட்டாலும் இந்தப் படத்தை ஒருமுறையாவது வரைந்திருப்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் வயல்வெளியில் வளர்ந்து, மலையையே பார்த்திராத பிள்ளையும் இதே மலையைத்தான் வரைந்தது. நாகப்பட்டினத்தில் தினமும் கடலில் சூரியன் எழுவதைப் பார்த்த பிள்ளையும், சூரியனை மலை இடுக்கில்தான் வைத்தது!

அந்த ஓவிய நோட்டுகள் எல்லாம் இப்போது எங்கே? பாதி, பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போயிருக்கும். மீதி பரணில், அட்டைப்பெட்டிக்குள் கிடக்கும். போகிக்கு முதல்நாள் வீட்டை ஒழிக்கும்போது ஒரு நோட்டு கையில் சிக்கும். வரைந்தவர் இப்போது கல்லூரி மாணவராகவோ வேலைக்குப் போகிறவராகவோ இருப்பார். புரட்டிப் பார்த்ததும் முதலில் சிரிப்பு வரும், பிறகு வெட்கம் வரும். "ஐயோ, இதையா அன்னிக்கு வீட்டுக்கு வந்தவங்களுக்கெல்லாம் காட்டினோம்?" அடுத்த நாள் விடியற்காலையில் பழைய பாயோடு சேர்ந்து அந்த நோட்டும் எரியும்.

அப்படிச் செய்வது தவறு. சென்டிமென்ட் பார்த்துச் சொல்வது அல்ல இது. கணக்குப் பார்த்துச் சொல்வது.

வணிகவியல் வகுப்பில் முதல் வருடமே சொல்லித்தரும் ஒரு விஷயம் உண்டு. இறுதி இருப்பை மட்டும் வைத்துக்கொண்டு வியாபாரம் வளர்ந்ததா, தேய்ந்ததா என்று சொல்ல முடியாது. தொடக்க இருப்பும் தெரியவேண்டும். ஓவியம் பழகுகிறவருக்கு அவருடைய பழைய படங்கள்தான் தொடக்க இருப்பு. அதை எரித்துவிட்டு, "இத்தனை வருஷம் வரைஞ்சும் ஒண்ணும் வரலையே" என்று உட்கார்ந்து புலம்புகிறவர்கள் ஏராளம். எங்கிருந்து கிளம்பினோம் என்பதே தெரியாதபோது எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று எப்படித் தெரியும்?

இதற்கு வான்கோவை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

வான்கோ என்றதும் எல்லோருக்கும் சூரியகாந்திப் பூக்களும், காது அறுத்த கதையும்தான் ஞாபகம் வரும். ஏதோ பிறக்கும்போதே தூரிகையோடு பிறந்த மனிதர் என்று நினைப்பு. உண்மை வேறு. 1853-இல் நெதர்லாந்தில் பிறந்த வின்சென்ட் வான்கோ, ஓவியராவது என்று முடிவெடுத்தது 1880-இல். அப்போது அவருக்கு வயது 27! அதற்கு முன் ஓவியம் விற்கும் கம்பெனியில் வேலை, இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியர் வேலை, புத்தகக் கடை வேலை, பெல்ஜியத்தில் போரினாஜ் என்ற நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் மதப்பிரசாரகர் வேலை என்று எல்லாவற்றையும் முயன்று, எதிலும் நிலைக்காமல் போனவர். நம் ஊராக இருந்தால், "27 வயசாச்சு, இனிமே படம் வரையப் போறானாம்" என்று சொந்தக்காரர்கள் ஒரு பாட்டம் பேசித் தீர்த்திருப்பார்கள். அங்கேயும் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. பணம் அனுப்பியது தம்பி தியோ.

1880-இல் அவர் வரைந்த சுரங்கத் தொழிலாளர் படம் ஒன்று இருக்கிறது. பனியில் ஆண்களும் பெண்களும் சுரங்கத்தை நோக்கி நடந்துபோகிறார்கள். யார் வரைந்தது என்று சொல்லாமல் காட்டினால், யாரோ ஓவியப் போட்டிக்கு அனுப்பித் திரும்பி வந்த படம் என்றுதான் நினைக்கத் தோன்றும். உருவங்கள் கொலு பொம்மை மாதிரி விறைத்து நிற்கின்றன. கால் தரையில் பதியவில்லை. உடம்புக்குள் எலும்பு இருப்பது போலவே தெரியவில்லை.

பத்தே வருடம். 1890 ஜூலை 29-இல் அவர் இறக்கும்போது எண்ணூறுக்கும் மேற்பட்ட வண்ண ஓவியங்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோட்டோவியங்கள். நடுவில் என்ன நடந்தது என்பதுதான் சுவாரஸ்யம்.

முதலில், அவர் காப்பி அடித்தார். ஆமாம், காப்பிதான். சார்லஸ் பார்க் என்ற பிரெஞ்சு ஓவியர் தயாரித்த ஓவியப் பயிற்சித் தாள்கள் அந்தக் காலத்தில் பிரபலம். அதில் கரிக்கோல் பயிற்சி மட்டும் 60 தாள்கள். வான்கோ அத்தனையையும் பார்த்து வரைந்தார். ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப. விவசாயிகளை வரைந்த மில்லேயின் படங்களையும் பார்த்து வரைந்தார்.

அடுத்து, பெற்றோர் இருந்த எட்டன் என்ற கிராமத்துக்குப் போய் நிஜ மனிதர்களை உட்காரவைத்து வரையத் தொடங்கினார். 1881 செப்டம்பரில் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் பட்டியலே கொடுக்கிறார். மண்வெட்டியோடு நிற்கும் விவசாயி ஐந்து தடவை, விதைக்கிறவன் இரண்டு தடவை, துடைப்பத்தோடு ஒரு பெண் இரண்டு தடவை. இப்படி ஒரே உருவத்தைச் சலிக்காமல் வரைந்த மனிதரை 'பிறவி மேதை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால், அந்த ஐந்து தடவைக்கு மரியாதையே இல்லாமல் போய்விடும்.

1882-இல் தி ஹேக் நகரில் இருந்தபோது, மரச்சட்டத்தில் நூல் கட்டி ஒரு கருவி செய்துகொண்டார். ஜன்னல் மாதிரி அதை நிறுத்தி, அதன் வழியாகப் பார்த்து, எந்தக் கோடு எந்த நூலை எங்கே வெட்டுகிறது என்று கவனித்து வரைவது. தூரத்தில் இருப்பது எவ்வளவு சிறியதாகத் தெரிகிறது என்பது அவருக்குத் தானாக வரவில்லை. கருவி வைத்து அளந்துதான் கற்றுக்கொண்டார். அதே வருடம் சித்தப்பா முறையுள்ள ஒருவர் ஊர்க்காட்சிகள் 12 வரைந்து தரச் சொல்லி, படம் ஒன்றுக்கு இரண்டரை கில்டர் பேசினார். அன்றைய இரண்டரை கில்டர் பெரிய பணம் அல்ல. ஆனால் பேரேட்டில் முதல் வரவு!

சரி, இதில் பழைய படங்களைத் திரும்பிப் பார்ப்பது எங்கே வருகிறது?

மேலே சொன்ன அதே 1881 கடிதத்தின் பட்டியலில் கடைசியாக ஒரு படம் இருக்கிறது. உடம்புக்கு முடியாத ஒரு கிழவர், அடுப்போரம் நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலில் முழங்கையை ஊன்றி, தலையைக் கையில் தாங்கியிருக்கிறார். அடுத்த வருடம் 1882 நவம்பரில், தி ஹேக்கில் முதியோர் இல்லத்தில் இருந்த ஒரு பெரியவரை மாடலாக வைத்து, கிட்டத்தட்ட அதே நிலையில் மறுபடி வரைந்தார். அதைக் கல்லச்சிலும் போட்டார். பிறகு பாரிஸ், ஆர்ல், மஞ்சள் வீடு, மனநல விடுதி என்று வாழ்க்கை எங்கெங்கோ போய்விட்டது. 1890-இல் சான் ரெமி விடுதியில் நோயோடு இருந்தபோது, தன்னுடைய பழைய உருவப் படங்களை அனுப்பிவைக்கச் சொல்லித் தம்பிக்கு எழுதினார். மே மாதம், அந்தப் பழைய கல்லச்சுப் படத்தை எடுத்து அதே கிழவரை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். நீல உடை, அதே நாற்காலி, முகத்தில் அழுந்திய அதே கைமுட்டிகள்.

1881, 1882, 1890. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஓவியம் பற்றி எதுவும் தெரியாதவருக்கும் ஒன்று புரியும். ஒரு கை எப்படி வளர்கிறது என்பது அங்கே கண்ணுக்கு எதிரே இருக்கிறது. முதல் படம் இல்லாவிட்டால் கடைசிப் படம் இல்லை. அந்தப் பழைய தாளை அவர் எரித்திருந்தால்?

இன்னொரு செய்தி இதைவிட ஆச்சரியம். சாவதற்கு ஒரு மாதம் முன்பு, 1890 ஜூனில், பத்து வருடத்துக்கு முன் பழகிய அதே பார்க்கின் கரிக்கோல் பயிற்சித் தாள்களை அனுப்பச் சொல்லித் தம்பிக்கு எழுதுகிறார். 'விண்மீன்கள் நிறைந்த இரவு' வரைந்து முடித்த மனிதர், மறுபடி அரிச்சுவடியைக் கேட்கிறார்! உடம்பின் அளவுகளை மறந்துவிடக் கூடாது என்ற பயம். இதுதான் தேர்ச்சி பெற்றவருக்கு அடையாளம். ஆரம்பப் பாடத்தைக் கண்டு அவருக்கு வெட்கமில்லை.

இப்போது அந்த வெட்கத்துக்கு வருவோம். பழைய படத்தைப் பார்த்ததும் ஏன் கூச்சமாக இருக்கிறது?

சின்னப் பிள்ளை, பார்ப்பதை வரைவதில்லை, தெரிந்ததை வரைகிறது. மேசைக்கு நாலு கால் என்று தெரியும், அதனால் நாலு காலையும் காட்டிவிடும். முகத்தில் கண் மேலே இருக்கிறது என்று தெரியும், அதனால் கண்ணை நெற்றிக்கே கொண்டுபோய்விடும். உண்மையில் பெரியவர்களின் தலையில், உச்சிக்கும் மோவாய்க்கும் ஏறக்குறைய நட்டநடுவில்தான் கண் இருக்கிறது. ஒரு ஸ்கேலை எடுத்து அளந்தால் தெரிந்துவிடும், ஆனால் யாரும் அளப்பதில்லை. ஓவியம் பழகுவது என்றால் முக்கால்வாசி இதுதான்: தெரிந்ததைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்க்கக் கற்பது.

இதில் கண் முன்னால் ஓடுகிறது, கை பின்னால் வருகிறது. வேறு வழியில்லை. கண்ணுக்குத் தப்பு தெரிந்தால்தான் கை அதைத் திருத்தும். ஆகவே பழைய படத்தைப் பார்த்து "கண் மேலே ஏறிப்போச்சே, கை குட்டையா இருக்கே" என்று ஒருவர் வெட்கப்படுகிறார் என்றால், அன்று தெரியாத தப்பு இன்று அவருக்குத் தெரிகிறது என்று அர்த்தம். அந்த வெட்கம் நஷ்டம் அல்ல, லாபம். பழைய படத்தைப் பார்த்து எந்தக் கூச்சமும் வராதவர்தான் கவலைப்படவேண்டும்.

இது தெரியாததால் நடக்கும் அநியாயம் ஒன்று உண்டு. ஐந்தாம் வகுப்புவரை தரை, சுவர், கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம் என்று எங்கும் வரைந்துகொண்டிருந்த பிள்ளைகள், ஏழாவது எட்டாவது வரும்போது சட்டென்று நிறுத்திவிடுகிறார்கள். படிப்புச் சுமை ஒரு காரணம்தான். ஓவியப் பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வதும் காரணம்தான். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. அந்த வயதில் கண் விழித்துக்கொள்கிறது. தான் வரைந்த குதிரை குதிரை மாதிரி இல்லை என்று முதல்முறையாகத் தெரிகிறது. கை இன்னும் அங்கே வந்து சேரவில்லை. "எனக்கு வராது" என்று பிள்ளை முடிவு கட்டிவிடுகிறது. வளர்ச்சியின் முதல் அறிகுறியைத் தோல்வி என்று படித்துவிட்டு, வாழ்நாள் முழுக்கப் பென்சிலைத் தொடாமல் இருந்துவிடுகிறது. அந்த நேரத்தில் யாராவது அதனுடைய இரண்டாம் வகுப்பு நோட்டையும் ஏழாம் வகுப்பு நோட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டியிருந்தால் போதும். காட்டுவதற்குத்தான் நோட்டே இல்லையே, போகியில் போய்விட்டதே!

"எல்லோரும் வான்கோ ஆகிவிட முடியுமா?" என்று கேட்கலாம். முடியாதுதான். பழைய நோட்டைப் பத்திரப்படுத்துகிறவர் எல்லோரும் பெரிய ஓவியர் ஆவார்கள் என்று சொன்னால் அது பொய். வான்கோவுக்கே வாழ்நாளில் மிகச் சில படங்கள்தான் விற்றன. திறமை வளர்வதும் பணம் வளர்வதும் இரண்டு தனிக் கணக்குகள். இங்கே பேசுவது முதல் கணக்கைப் பற்றி மட்டும்.

அதேபோல, புதியது எல்லாம் பழையதைவிட உயர்ந்தது என்றும் நினைக்க வேண்டியதில்லை. வான்கோ 1885-இல் நூனன் கிராமத்தில் 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' வரைந்தார். அதற்கு முன் விவசாயிகளின் முகங்களை டஜன் டஜனாக வரைந்து பழகியிருந்தார். அப்படியும் அவருடைய நண்பர் ராப்பார்ட், அதன் கல்லச்சுப் பிரதியைப் பார்த்துவிட்டுக் கிழி கிழி என்று கிழித்து எழுதினார். வலது பக்கத்து மனிதனுக்கு முழங்கால் எங்கே, வயிறு எங்கே என்ற ரீதியில். நட்பே கசந்துபோனது. ஆனால் 1887-இல், பாரிஸில் புது வண்ணங்களையெல்லாம் கற்றுக்கொண்ட பிறகு, தான் செய்ததிலேயே சிறந்தது அந்த நூனன் படம்தான் என்று தங்கைக்கு எழுதினார் வான்கோ. கோடு முன்னேறியிருக்கலாம், ஆனால் அந்தப் படத்தில் இருந்த ஒன்று பிறகு வந்த படங்களில் அப்படியே கிடைக்கவில்லை என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். திரும்பிப் பார்க்கிறவருக்குத்தான் இது தெரியும். வளர்ந்தது எது, வழியில் விட்டுவிட்டு வந்தது எது என்று இரண்டும் பழைய நோட்டில்தான் இருக்கிறது.

ஜப்பானில் ஹொகுசாய் என்று ஒருவர். பெரிய அலை ஒன்று நகம் நீட்டிக்கொண்டு படகுகள்மேல் கவிழ, தூரத்தில் சின்னதாக ஃபியூஜி மலை தெரியும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அது 1831 வாக்கில் வந்தது. அப்போது அவருக்கு வயது 70-ஐ ஒட்டி. ஆனால் அவர் அலை வரையத் தொடங்கியது 1790-களிலேயே. அந்த முதல் அலை அடக்கமாகக் கரையோரம் சுருண்டு கிடக்கிறது. 1800-களின் தொடக்கத்தில் வரைந்த அலைகள், படகுமேல் எழும்பினாலும், களிமண்ணில் பிடித்துவைத்த மாதிரி கனமாக நிற்கின்றன. பிறகுதான் அந்தப் பெரிய அலை. ஒரு அலைக்கு முப்பது வருடத்துக்கும் மேல்! பழைய பிரதிகள் பிழைத்திருப்பதால்தான் இன்று இதைச் சொல்ல முடிகிறது.

எல்லாம் பிழைத்துவிடவில்லை என்பதும் உண்மை. வான்கோ நூனனை விட்டுக் கிளம்பும்போது பெட்டி பெட்டியாகப் படங்களை விட்டுவிட்டுப் போனார். அம்மா பிரேடா நகரத்துக்குக் குடிமாறியபோது அந்தப் பெட்டிகள் ஒரு தச்சரிடம் போய்ச் சேர்ந்தன. பின்னால் அவை ஒரு பழைய சாமான் வியாபாரி கைக்கு வந்து, சில படங்கள் தள்ளுவண்டியில் சில்லறைக் காசுக்கு விற்றன, பல அழிந்தே போயின. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அன்று பார்த்தவர்களுக்கு அவை விறைப்பான, இருட்டான, தேறாத படங்கள். இன்று அந்தத் தாள்கள் இருந்தால், ஒரு மனிதன் கற்றுக்கொண்ட கதையில் விடுபட்ட பக்கங்கள் நிரம்பியிருக்கும். தியோ சேர்த்துவைத்ததையும் கடிதங்களையும் அவர் மனைவி யோ காப்பாற்றியதால்தான் மிச்சக் கதையாவது கிடைத்தது.

இன்றைக்கு ஒரு வரி தட்டச்சு செய்தால் கணினியே படம் போட்டுத் தந்துவிடுகிறது. எலும்பு, தசை, தூரம் எல்லாம் பெரும்பாலும் சரியாகவே வருகிறது. "அப்புறம் எதுக்குக் கஷ்டப்பட்டு வரையணும்?" என்ற கேள்வி நியாயமானதுதான். படம் மட்டும் வேண்டும் என்றால் வரையத் தேவையில்லை. ஆனால் அப்படி வந்த படத்துக்குக் கீழே ஒருவருடைய இரண்டாம் வகுப்புக் குடிசையும் தென்னைமரமும் கிடையாது. நேற்று தெரியாத ஒன்று இன்று தனக்குத் தெரிகிறது என்ற சந்தோஷத்தை வேறு யாரும் போட்டுத் தர முடியாது.

ஆகவே வரைகிறவர்களுக்கும், வரையும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் சில வேண்டுகோள்கள். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் தேதி போடுங்கள். தேதி இல்லாத ரசீது கணக்குக்கு உதவாது. பழைய படத்தைத் திருத்தாதீர்கள், அது சாட்சியைக் கலைப்பதற்குச் சமம். வருடத்துக்கு ஒருமுறை ஒரே பொருளை வரையுங்கள், வீட்டுச் செம்பு, சமையலறை நாற்காலி, சொந்த இடது கை, எதுவானாலும் சரி. தினமும் திரும்பிப் பார்க்காதீர்கள், தினமும் அளந்தால் செடி வளர்வது தெரியாது. பக்கத்து வீட்டுப் பையனின் படத்தோடு ஒப்பிடவே வேண்டாம், அது வேறொருவருடைய பேரேடு.

அடுத்த போகிக்குப் பாய் போகட்டும், பிய்ந்த முறம் போகட்டும். இரண்டு மலையும் நடுவில் சூரியனும் இருக்கும் நோட்டைத் தூசி தட்டி மறுபடி பரணிலேயே வையுங்கள். அதோடு இன்று வரைந்த படம் ஒன்றையும் தேதி போட்டுச் சேர்த்து வையுங்கள். பத்து வருடம் கழித்து அதைப் பார்த்தும் வெட்கம் வரவேண்டும். வந்தால் கணக்கு சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.